பூத்த மரம் ஏன் காய்க்கவில்லை?

எங்கள் ஊர்களில் ஒரு மரம் வருடா வருடம் பூத்தும் காய்க்காமல் நின்றால், அதற்கு உடனே ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். "மலட்டு மரம்" என்பார்கள். "மலட்டு மரம் வளவுக்கு ஆகாது, தறித்து விடு" என்றும் சொல்வார்கள். மரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சொல்லை எங்கள் சமூகம் பெண்களுக்கும் வைத்திருக்கிறபடியால், பக்கத்தில் நிற்கிற பெண்ணுக்கும் அது சுடத்தான் செய்யும்.

எங்கள் அம்மம்மாமார் இதில் எங்களைவிடக் கூடுதலாக அறிந்தவர்கள். பனையில் ஆண் பனை வேறு, பெண் பனை வேறு. ஆண் பனை நுங்கு தராது. அதற்காக அதை யாரும் மலடு என்று தறிப்பதில்லை. பூசணிக் கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனியாகப் பூக்கும். தேனீ வராத காலத்தில் விடியற்புறத்தில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டுவிடும் பழக்கம் எங்கள் வீடுகளில் இருந்தது. பிஞ்சு பிடிப்பதற்கு ஒரு காரணம் உண்டு, பிடிக்காமல் போவதற்கும் ஒரு காரணம் உண்டு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

காமரங்காய் மரத்தின் காரணம் பனையைப் போன்றதும் அல்ல, பூசணியைப் போன்றதும் அல்ல. அதை நான் அறிந்துகொண்டது எங்கள் கிராமத்தில், இரண்டு வளவுகளுக்கு இடையில் நின்ற ஒரு கதியால் வேலியடியில்தான். உங்கள் வளவிலும் இப்படி ஒரு மரம் நிற்கக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

மரத்தைப் பற்றிக் கொஞ்சம்

காமரங்காயைச் சிலர் நட்சத்திரப் பழம் என்பார்கள். குறுக்கே வெட்டினால் ஐந்து முனையுள்ள நட்சத்திரம் போல இருக்கும். தென்கிழக்காசியப் பக்கத்து மரம் இது. இலங்கையில் சிங்கள மக்களும் காமரங்கா என்றுதான் சொல்கிறார்கள். தாவரவியலில் இதற்கு அவெரோவா கரம்போலா என்று பெயர். அவெரோவா என்ற பெயர் இப்னு றுஷ்த் என்ற அறிஞரை நினைவுகூர வைக்கப்பட்டது. 1126 முதல் 1198 வரை வாழ்ந்த அந்த வைத்தியரை ஐரோப்பியர் அவெரோஸ் என்று அழைத்தார்கள்.

கிணற்றடியில் தானாக முளைக்கும் புளியாரைக் கீரை இந்த மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டிலும் உள்ள புளிப்பு ஒரே வகைப் புளிப்புத்தான். பொழுதுபட இரண்டின் இலைகளும் கூம்பிக்கொள்ளும். பிலிம்பிக்காய் மரம் காமரங்காய்க்கு உடன்பிறப்புப் போல.

பூ மிகச் சிறியது, ஒரு சென்ரிமீற்றர்கூட வராது. இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம். இலைக் கக்கத்திலும் பூக்கும், இலையில்லாத பழைய கிளையிலும் அடிமரத்திலும்கூடக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். அப்படிப் பூத்து நிற்கும்போது இந்த முறை ஒரு சாக்குக் காய் பிடிக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

எங்கள் இரண்டு மரங்கள்

1995 இல் யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு இடம்பெயர்ந்து வந்த குடும்பம் எங்களுடையது. 2009 இல் எல்லாவற்றையும் இழந்து செட்டிகுளம் முகாமுக்குப் போனோம். என் கணவர் அந்த வருடம் மாசி மாதத்துக்குப் பிறகு எங்களுடன் இல்லை. 2010 இல் கிளிநொச்சி மாவட்டத்தில் எங்கள் பழைய காணிக்கு நானும் மகளும் திரும்பி வந்தோம். கிணறு தூர்ந்து கிடந்தது. பட்ட தென்னை ஆறு நின்றது. வேறு மரம் இல்லை.

மேற்கு வளவுக்கு ஓர் அக்கா வந்து குடியேறினா. அவவுக்கும் கணவர் இல்லை. பிள்ளைகளும் இல்லை. கலியாணம் முடித்துப் பதினெட்டு வருடம் இருந்தும் பிள்ளை கிடைக்கவில்லை என்று, மஞ்சள் நீராட்டு, தொட்டில் போடுதல் என்றால் சொந்தக்காரர் அவவைப் பின்னுக்கு நிறுத்திவிடுவார்கள். அவ அதைப்பற்றி வாய் திறப்பதில்லை. அப்படியான நாட்களில் தன் வளவில் மண்வெட்டியோடு நிற்பா.

2011 இல் வவுனியாச் சந்தையில் நான் வாங்கிய ஒரு காமரங்காய்ப் பழத்தின் விதைகளைப் போட்டோம். இந்த விதையைக் காயவைத்து எடுத்து வைக்க முடியாது. பழத்திலிருந்து எடுத்துச் சில நாட்களில் முளைக்கும் திறன் போய்விடும். அதனால் அன்றைக்கே கழுவி நட்டேன். தப்பிய கன்றுகள் இரண்டு. ஒன்றை என் கிணற்றடியில் வைத்தேன். மற்றதை அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் வைத்தா.

2015 இல் இரண்டும் பூத்தன. 2016 இலும் பூத்தன. 2017 இல் பூத்த பூவுக்குக் கணக்கில்லை, நிலம் முழுக்க ஊதா நிறம். ஆனால் மூன்று வருடத்திலும் பிடித்தவை ஏழெட்டுச் சூம்பிப் பிஞ்சுகள்தான். அவையும் விரலளவு வந்ததும் உதிர்ந்துவிட்டன. தண்ணீர் குறைவோ என்று பார்த்தோம், கிணற்றடி மரத்துக்குத் தண்ணீர் குறைவில்லை. மாட்டெரு போட்டோம், சாம்பல் போட்டோம். இலை செழித்தது, காய் இல்லை.

ஒருநாள் அக்காவின் சொந்தக்காரர் ஒருவர் வந்திருந்தார். வயதானவர். மரத்தை அண்ணாந்து பார்த்தார். "பிள்ளை, வைச்ச கை அப்பிடி. மரமும் உன்னைப்போலதான்" என்று சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் காலையில் கோடரியோடு ஒரு தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்து மரத்தடியில் நின்றா.

நான் வேலிப் பொட்டுக்குள்ளால் போய், "அக்கா, என்ரை மரமும் காய்க்கேல்லைத்தானே, எனக்கு ஒரு பிள்ளை இருக்கு. அப்ப இது வைச்ச கையாலை வந்ததோ? பொறுங்கோ, ஒருக்காக் காட்டிப் பாப்பம்" என்றேன். அவ கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தா. பிறகு அந்தத் தம்பிக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டா.

ஊசிமுனையில் ஒரு பூ

2018 இல் எங்கள் மாதர் சங்கத்துக்கு வீட்டுத்தோட்டம் பற்றிச் சொல்ல ஒரு விவசாயப் போதனாசிரியை வந்தா. எங்கள் மகளை விடக் கொஞ்சம்தான் மூத்த பிள்ளை. நாங்கள் "மிஸ்" என்றுதான் கூப்பிடுவோம். கூட்டம் முடிய அவவை இரண்டு மரத்தடிக்கும் கூட்டிப் போனோம். மரத்தை அவ கனநேரம் பார்க்கவில்லை. ஒரு பூவைப் பறித்து, ஊசி ஒன்று கேட்டு, பூவின் இதழ்களை ஒவ்வொன்றாக நீக்கினா. கண்ணாடி வில்லை ஒன்றை எடுத்து என்னைப் பார்க்கச் சொன்னா.

பூவின் நடுவில் பச்சையான சிறு சூலகம். அதிலிருந்து ஐந்து மெல்லிய தம்பங்கள் எழுந்து நின்றன. தம்பத்தின் நுனியில் குறி. குறியில்தான் மகரந்தம் விழ வேண்டும். அதைச் சுற்றிக் கேசரங்கள். கேசரத்தின் தலையில் மகரந்தக்கூடு. பாடசாலையில் படித்த படம்தான். ஆனால் ஒன்றைக் கவனிக்கச் சொன்னா. தம்பங்கள் உயரமாக மேலே நிற்கின்றன, மகரந்தக்கூடுகள் அவற்றுக்குக் கீழே குட்டையாக நிற்கின்றன. பிறகு அக்காவின் மரத்துப் பூவைப் பிரித்தா. அதுவும் அப்படியே.

"இதுதான் காரணம், அன்ரி" என்றா. காமரங்காயில் இரண்டு வகை மரம் உண்டு. ஒரு வகை மரத்தின் பூக்களில் எல்லாம் தம்பம் நீளம், மகரந்தக்கூடு தாழ்வு. மற்ற வகை மரத்தில் தம்பம் குட்டை, மகரந்தக்கூடு உயரம். ஒரு மரம் வாழ்நாள் முழுவதும் ஒரு வகைப் பூத்தான் பூக்கும். நெடுந்தம்பப் பூவில் குறுந்தம்பப் பூவின் மகரந்தம் விழுந்தால் காய் பிடிக்கும். குறுந்தம்பப் பூவில் நெடுந்தம்பப் பூவின் மகரந்தம் விழுந்தாலும் பிடிக்கும். தன் மரத்து மகரந்தம், அல்லது தன் வகை மரத்து மகரந்தம் விழுந்தால் பெரும்பாலும் பிடிக்காது. பூ உதிர்ந்துவிடும்.

இதைத் தேனீதான் நடத்தி வைக்கிறது. குட்டைத் தம்பப் பூவில் தேன் குடிக்கும்போது உயரத்தில் நிற்கும் மகரந்தம் தேனீயின் உடம்பில் ஓரிடத்தில் ஒட்டும். அடுத்து அது நெடிய தம்பப் பூவுக்குப் போனால், அதே இடம் சரியாக அந்தப் பூவின் குறியில் படும். தாழ்வில் ஒட்டும் மகரந்தம் அப்படியே குட்டைத் தம்பத்தின் குறிக்குப் போய்ச் சேரும். உயரத்துக்கு உயரம், தாழ்வுக்குத் தாழ்வு. பிறிம்ரோஸ் முதலான பல செடிகளில் உள்ள இந்த ஏற்பாட்டைச் சாள்ஸ் டார்வின் ஆராய்ந்து 1877 இல் ஒரு நூலே எழுதினார். மலேசியாவின் காமரங்காய்த் தோட்டங்களில் பி10 என்ற இனத்தை நடுபவர்கள் அதை மட்டும் நடுவதில்லை. மகரந்தத்துக்காக வேறு இன மரங்களையும் இடையிடையே வைப்பார்கள். தனித்து நின்றே காய்க்கும் இனங்களும் சில உண்டு. ஆனால் விதை போட்டு வளர்த்த மரத்தில் அதை எதிர்பார்த்திருக்க முடியாது.

எங்கள் இரண்டு மரமும் ஒரே பழத்தின் விதை. இரண்டும் நெடுந்தம்ப வகையாக அமைந்துவிட்டன.

சங்கத்தில் ஒருவர் பகிடியாக, "அப்ப மரத்துக்கும் ஒரு புருசன் வேணுமாம்" என்றார். எல்லாரும் சிரித்தோம். போதனாசிரியை சிரித்துவிட்டுச் சொன்னா: "இல்லை அன்ரி. இதிலை ஆண் மரம், பெண் மரம் எண்டு இல்லை. ஒவ்வொரு பூவிலையும் இரண்டும் இருக்கு. இரண்டு மரமும் மகரந்தம் குடுக்கும், இரண்டு மரமும் காய்க்கும்." அப்போது பின்வரிசையில் இருந்த அக்கா சொன்னா: "அப்ப அது புருசன் இல்லை. அயல்." கூட்டத்தில் அவ வாய் திறந்து பேசியதை நாங்கள் அன்றைக்குத்தான் முதலில் கேட்டோம்.

குளக்கட்டுக்கு அப்பால் நின்ற மரம்

அதன்பிறகு குட்டைத் தம்ப மரம் ஒன்றைத் தேடினோம். நானும் அக்காவும் இரண்டு சைக்கிளில், ஓர் ஊசியும் போதனாசிரியை தந்த வில்லையுமாக வீடு வீடாகப் போனோம். கிராமத்தில் காமரங்காய் நின்ற வளவுகள் ஐந்து. மூன்றில் மரம் இன்னும் பூக்கவில்லை. ஒன்றில் எங்களுடையதைப் போலவே நெடுந்தம்பம்.

ஐந்தாவது மரம் குளக்கட்டுக்கு அப்பால் ஓர் அம்மாவின் வளவில் நின்றது. சண்டைக்கு முந்திய மரம். அடிமரத்தில் செல் துண்டுகள் புதைந்து, பட்டை அவற்றை மூடி வளர்ந்திருந்தது. "முந்தி இது சொரிஞ்சு காய்ச்ச மரம், பிள்ளையள். சண்டைக்குப் பிறகு நாங்கள் வந்து பாத்தால் மரம் நிக்குது, காயைக் காணேல்லை. செல் சத்தத்திலை பயந்து போச்சாக்கும் எண்டு விட்டிட்டன்" என்றா அந்த அம்மா.

பூவைப் பிரித்தோம். குட்டைத் தம்பம். மகரந்தக்கூடுகள் உயரத்தில் நின்றன. நான் கேட்டேன், "அம்மா, முந்தி பக்கத்திலை வேறை காமரங்காய் மரம் நிண்டதோ?" அம்மா கொஞ்சம் யோசித்து, கிழக்கு வேலியைக் காட்டினா. அங்கே அவவின் தங்கையின் வளவு. அதில் ஒரு பெரிய மரம் நின்றதாம். 2009 இல் அந்த வீடும் மரமும் ஒரே நாளில் போய்விட்டன. தங்கையின் குடும்பத்தில் திரும்பி வந்தவர்கள் யாரும் இல்லை. அந்தக் காணி பற்றைக்காடாக இருந்தது.

அம்மாவின் மரம் பயந்துபோகவில்லை. ஒன்பது வருடம் அது பூத்துக்கொண்டுதான் இருந்தது. அதன் பூவுக்கு மகரந்தம் கொடுத்த மரம் இல்லாமற்போனதுதான் நடந்தது. இதை அம்மாவுக்கு மெல்ல விளங்கப்படுத்தினோம். அவ மரத்தில் கைவைத்தபடி நின்றா. பிறகு, "எவ்வளவு வேணுமெண்டாலும் வெட்டிக்கொண்டு போங்கோ. உங்கடையிலும் எனக்குக் கொண்டு வாங்கோ" என்றா.

கையால் தொட்டதும், ஒட்டு வைத்ததும்

முதலில் கையால் செய்து பார்த்தோம். பூ காலையில் விரியும், அன்று பின்னேரமே வாடிவிடும். அதனால் எட்டு மணிக்குள் அம்மாவின் மரத்தில் விரிந்த பூக்களை ஒரு சிறு டப்பாவில் ஈரமில்லாமல் எடுத்துக்கொண்டு அக்காவின் மரத்துக்கு ஓடினோம். பூவின் இதழை நீக்கிவிட்டு, மகரந்தக்கூட்டை எங்கள் பூவின் குறியில் மெல்லத் தொட்டோம். தொட்ட கொத்துகளுக்குச் சிவப்பு நூல் கட்டினோம். நாற்பது பூத் தொட்டதில் பதினொரு பிஞ்சு பிடித்தது. நூல் கட்டாத கொத்துகளில் ஒன்றும் இல்லை. அந்தப் பதினொன்றில் ஆறு பழமாகியது. பூவிலிருந்து பழமாக இரண்டு, இரண்டரை மாதம் எடுத்தது. அக்கா முதல் பழத்தை வெட்டி விதையை எண்ணிப் பார்த்தா. எட்டு விதை.

கையால் எல்லாப் பூவையும் தொட முடியாது. நிரந்தர வழி, மற்ற வகையின் கிளை ஒன்றை எங்கள் மரத்திலேயே ஒட்டுவது. 2018 மாரியில், போதனாசிரியை காட்டித்தர, அம்மாவின் மரத்தில் பென்சில் தடிப்பில் தண்டுகள் வெட்டினோம். இலைகளைக் காம்போடு நறுக்கி, ஈர வாழைமடலில் சுற்றிக் கொண்டு வந்தோம். என் வளவுப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த அக்காவின் மரக்கிளையில் ஆப்பு ஒட்டாக வைத்தோம். அதாவது, தண்டின் அடியை ஆப்புப் போலச் சீவி, கிளையின் நுனியைப் பிளந்து அதில் இறுக்கி, பொலித்தீன் நாடாவால் சுற்றிக் கட்டி, மேலே மெல்லிய பொலித்தீன் பையைப் போர்த்திவிட்டோம். ஐந்து ஒட்டில் இரண்டு பிடித்தது. அது போதும். எங்கள் மரத்துத் தண்டுகளை அம்மாவின் மரத்திலும் அப்படியே ஒட்டினோம். அங்கே மூன்று பிடித்தது.

வேலிக்கு மேலே நின்ற அந்த ஒட்டுக்கிளை 2019 இறுதியில் பூத்தது. 2020 இல் ஊரடங்கு போட்டு எல்லாரும் வீட்டுக்குள் இருந்த பங்குனி, சித்திரையில் இரண்டு வளவு மரங்களும் காய்த்தன. ஒரு கிளையின் பூ இரண்டு மரத்துக்கும் போதுமானதாக இருந்தது. 2022 இல் பொருட்கள் எல்லாம் விலையேறி, பழம் வாங்குவதை நினைக்கவே முடியாமல் இருந்த நாட்களில் எங்கள் அயலட்டைப் பிள்ளைகள் காமரங்காய்க்கு உப்பும் தூளும் தொட்டுச் சாப்பிட்டார்கள். மிஞ்சியதை அச்சாறு போட்டு, சங்கத்தின் மூலம் போத்தலாக விற்றோம். அந்தக் காசில் அக்கா கோழிக்கூடு ஒன்று கட்டினா. அம்மாவின் மரமும் காய்க்கிறது. முதல் பழங்களில் ஒரு தட்டு அவ தங்கையின் படத்தடியில் வைத்ததாகச் சொன்னா.

உங்கள் மரத்துக்கு

மரத்தில் கைவைக்க முன் பூவைப் பாருங்கள். காலையில் விரிந்த பூ ஒன்றை எடுத்து ஊசியால் இதழ் நீக்கி, தம்பம் மேலே நிற்கிறதா, மகரந்தக்கூடு மேலே நிற்கிறதா என்று பார்த்தால் போதும். வில்லை இல்லாவிட்டால் பிள்ளைகளின் கண் போதும். பிறகு அயலில் மற்ற வகை மரம் நிற்கிறதா என்று தேடுங்கள். ஒட்டு வைக்கத் தெரியாவிட்டால், மற்ற வகை மரத்தின் பூத்த கிளை ஒன்றை முறித்துத் தண்ணீர்ப் போத்தலில் வைத்து உங்கள் மரத்தில் கட்டிவிடுங்கள். கிளை வாடாமல் நிற்கும் இரண்டொரு நாள் தேனீ அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

தேனீ இல்லாமல் எதுவும் நடவாது. மிளகாய்க்கோ நெல்லுக்கோ மருந்தடிப்பவர்களிடம், பூ விரிந்திருக்கும் காலை நேரத்தில் அடிக்க வேண்டாம், பொழுதுபட அடியுங்கள் என்று கேளுங்கள். துளசி, முருங்கை, சூரியகாந்தி வளவில் நின்றால் தேனீ வரும். கோடையில் ஒரு தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வையுங்கள். தேனீ கல்லில் இருந்து குடித்துவிட்டுப் போகும்.

சோளகக் காற்று பிடிக்கும் இடத்தில் பூவும் பிஞ்சும் உதிரும். வீட்டின் மறைவிலோ வேலியின் மறைவிலோ வைப்பது நல்லது. உவர்த் தண்ணீரை இந்த மரம் தாங்காது. யாழ்ப்பாணப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்பு, மங்கனீசு போன்ற சத்துகள் மண்ணில் இருந்தும் மரத்துக்குக் கிடைக்காத குறை. கூட்டெரு தாராளமாகப் போடுங்கள். பழ ஈ குத்தாமல் இருக்கப் பிஞ்சுகளுக்குப் பழைய பத்திரிகைக் கடதாசியில் பை செய்து கட்டுங்கள். விழுந்த பழத்தை அழுக விடாமல் ஆழப் புதையுங்கள்.

இதை மட்டும் மறக்க வேண்டாம்

சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் காமரங்காயைத் தொடவே கூடாது. ஒரு பழம்கூட வேண்டாம், சாறும் வேண்டாம். இந்தப் பழத்தில் ஒட்சலேற்று என்ற உப்பு அதிகம். அத்துடன் மூளையையும் நரம்பையும் தாக்கும் கரம்பொக்சின் என்ற ஒரு நச்சுப் பொருளும் இருப்பதை 2013 இல் பிரேசில் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது. நிற்காத விக்கல், வாந்தி, மனக் குழப்பம், வலிப்பு என்று வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படி ஏதும் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், காமரங்காய் சாப்பிட்டதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

சீனி வருத்தத்துக்கு நல்லது என்று வெறும் வயிற்றில் காமரங்காய்ச் சாறும் பிலிம்பிச் சாறும் குடிப்பவர்கள் எங்கள் நாட்டில் இருக்கிறார்கள். இப்படிக் குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்களைப் பற்றி இலங்கை வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். சீனி வருத்தக்காரருக்குத் தெரியாமலே சிறுநீரகம் பழுதாகியிருக்கக்கூடும். வன்னியிலும் சிறுநீரக நோயாளர் பலர் இருக்கிறார்கள். அதனால் எங்கள் சங்கத்தில் அச்சாறுப் போத்தல் விற்கும்போதும், பழம் சும்மா கொடுக்கும்போதும், "வீட்டில் ஆருக்கும் கிட்னி வருத்தம் இருக்கோ?" என்று கேட்காமல் கொடுப்பதில்லை. சுகமாக உள்ளவர்களும் அளவோடு, சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடுவதே நல்லது. புளிப்பு மிகுந்த காய்களை வீணாக்க வேண்டாம். குத்துவிளக்கும் பித்தளைச் செம்பும் தேய்க்கப் புளியைவிட அருமையாக இருக்கும்.

கன்று கேட்பவர்களுக்கு

இப்போது அக்காதான் எங்கள் சங்கத்தின் கன்றுக் கொட்டிலைப் பார்க்கிறா. மற்ற வகையோடு சேர்ந்து பிடித்த பழத்தின் விதைகளில் இரண்டு வகையும் ஏறத்தாழச் சரிபாதியாக வரும். ஒரு கன்று வைத்தால் அது தனிமரம். இரண்டு வைத்தால் வேறு வேறு வகையாக அமைவதற்குப் பாதி வாய்ப்பு. மூன்று வைத்தால் நாலில் மூன்று பங்கு வாய்ப்பு. நாலு வைத்தால் எட்டில் ஏழு பங்கு. பூக்கும்வரை எது எந்த வகை என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று முதல் ஐந்து வருடம் பொறுக்க வேண்டும்.

அதனால் காமரங்காய்க் கன்று கேட்டு வருகிறவர்களுக்கு அக்கா ஒன்று கொடுக்கமாட்டா. மூன்றாகத்தான் கொடுப்பா. "எனக்குச் சின்ன வளவு, மூன்றுக்கு இடமில்லை" என்று சொல்பவர்களிடம், "ஒண்டை நீங்கள் வையுங்கோ, மற்ற இரண்டையும் அங்காலை இங்காலை வளவுக்குக் குடுங்கோ" என்று சொல்லித்தான் அனுப்புவா. கன்றோடு ஓர் ஊசியும் கொடுத்துவிடுவா.